ஐம்பது வருசம் முடிஞ்சுது

செத்தவீட்டுச் சாப்பாட்டில் புகை மெஷின் போட்ட சவுண்ட்காரன் ஒருவன் ரொறொன்ரோவில் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் நம்புங்கள். அது நான்தான்.

ஸ்காபரோவில் இருபது வருசத்துக்கு மேலாகச் சவுண்டும் லைற்றும் செய்கிறேன். கலியாணம், பெண்பிள்ளைக்குச் சாமத்தியவீடு, ஐம்பதாவது பிறந்தநாள், இடைக்கிடை அரங்கேற்றம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைப் பிடித்தால், எந்த மிக்சர் நல்லது, எந்த ஸ்பீக்கர் பாரமில்லை என்று கேட்பார்கள். அதைக் கடைக்காரன் சொல்லுவான். கடைக்காரன் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்வதென்றால் என் மானத்தைக் கொஞ்சம் செலவழிக்க வேண்டும். பரவாயில்லை, அது ஏற்கெனவே அந்த ஹோலில் புகையோடு போய்விட்டது.

போன் வந்தது

நான் 401 நெடுஞ்சாலையில் வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜனவரிக் கடைசி. வானம், ரோட்டு, பனி எல்லாம் ஒரே சாம்பல் நிறம். போன் அடித்தது. ஒரு வயதான அம்மா. பெயர் ஹலினா. அவர் பல்லுக் கட்டும் கிளினிக்கில் வேலைசெய்யும் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறது.

அவருடைய ஆங்கிலம் போலந்தில் இருந்து வந்தது. என்னுடையது சாவகச்சேரியில் இருந்து வந்தது. இரண்டும் நடுவழியில் சந்தித்துக் கைகுலுக்கின. அதனால் எல்லாவற்றையும் எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"நீர்தானே மியூசிக் போடுற ஆள்?"

"ஓம் மடம்."

"பெப்ரவரி பதினாலு, மத்தியானம். சேர்ச்சிலை பூசை முடிய, கீழ் ஹோலிலை சாப்பாடு. பாதர் கதைக்க ஒரு மைக் வேணும். பிறகு பாட்டு. போலிஷ் காதல் பாட்டு மட்டும். பழசு. டாங்கோ."

"என்ன விசயமா மடம்?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தடிமனாக்கும் என்று நினைத்தேன்.

"என்ர மாரெக்குக்கு. ஐம்பது வருசம். முடிஞ்சுது."

இங்கேதான் நான் விழுந்தேன். எங்கள் ஆட்களிடம் "கலியாணம் கட்டி ஐம்பது வருசம் முடிஞ்சுது" என்றால், அடுத்த வசனம் கேக்கும் பட்டுவேட்டியும் பற்றியதாகத்தான் இருக்கும். முடிவது என்றால் எங்களுக்கு நிறைவது. அந்த மனிசிக்கு முடிந்தது என்றால் முடிந்தது. இது எனக்குத் தோன்றவில்லை. காதல் பாட்டு வேறு கேட்டுவிட்டார். எங்கள் செத்தவீட்டில் தேவாரம் போடுவோம். காதல் பாட்டு என்றால் அது நன்மைக் காரியம், பிறகென்ன கேள்வி?

நானும் சும்மா இருக்கவில்லை. கெட்டிக்காரனாக விசாரித்தேன்.

"கேக் இருக்கோ மடம்?"

"இருக்கு. கசகசா கேக்."

"படம் வைக்க ஸ்ராண்ட்?"

"பெரிய படம் ஒண்டு வைக்கிறம்."

"பூ?"

"கனக்க வரும்."

"அவருக்கு இது சேர்பிரைசோ?"

பிறகு சொன்னார்: "அவருக்கு இனி ஒண்டும் சேர்பிரைஸ் இல்லை."

நான் சிரித்தேன். ஐம்பது வருசம் ஒன்றாக இருந்தால் அப்படித்தானே என்று நினைத்தேன்.

"மாரெக்குக்கு இந்த நாள் பிடிக்காது," என்றார். "சொக்லேற் கொம்பனிக்காரன்ர பண்டிகை எண்டுவார். ஐம்பது வருசத்திலை ஒரு வாழ்த்துக் காட் தரேல்லை. இந்தமுறை அவராலை வேண்டாம் எண்டு சொல்லேலாது."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ மடம். நான் வடிவாச் செய்து தாறன்," என்றேன். பாருங்கள், என் வாயால் நானே சொன்னேன்.

வானில் அழுகை

ஒரு கிழமையாக வானில் போலிஷ் காதல் பாட்டுத்தான். பழைய டாங்கோக்களைத் தேடி எடுத்து ஒழுங்குபடுத்தினேன். மொழி தெரியாவிட்டாலும் பாட்டை இரண்டு தரம் கேட்டால் எங்கே ஆட்கள் எழும்பி ஆடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். இவற்றில் அப்படி ஒரு இடமும் இல்லை. வயலின் அழுகிறது, அக்கோர்டியன் மூச்சுவிடக் கஷ்டப்படுகிறது, பாடுகிறவன் ஏதோ மன்னிப்புக் கேட்கிறான். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். ஒருத்தன் ரயில் நிலையத்தில் நிற்கிறான், அவள் வரவில்லை. இன்னொருத்தனிடம் அவள் வருகிறாள், ஆனால் போகப்போகிறேன் என்று சொல்லத்தான் வருகிறாள். மூன்றாவது பாட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள், ஆனால் இலையுதிர் காலம்.

என் மனிசி வாசுகியை மார்க்கம் நகரில் வேலைக்கு இறக்கப் போகும்போதும் அதுவே ஓடியது. அவள் மருந்துப் பெட்டி அடுக்கும் வெயர்ஹவுஸில் வேலை.

"என்னப்பா, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. காதல் பாட்டு."

"இதோ காதல்? இதைக் கேட்டால் கட்டினவனையும் விட்டிட்டு ஓடச் சொல்லுது."

"ஐம்பதாவது கலியாண நாளுக்குக் கேட்டிருக்கினம். காதலர் தினத்திலை."

"நல்ல சனம்," என்று இறங்கினாள். கதவைச் சாத்தமுதல் திரும்பி, "அப்ப இந்த வருசமும் பதினாலாந்தேதி நீங்கள் வீட்டிலை இல்லை," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பனி பெய்யுது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

என் வயதுக்காரர் அந்த நாளை "உது வெள்ளைக்காரன்ர கூத்து" என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். கொள்கை ஒன்றும் கிடையாது. அன்றைக்கு எனக்கு எப்போதும் புக்கிங். கலியாணம் கட்டிய நாளில் இருந்து ஒவ்வொரு பெப்ரவரி பதினாலும் வேறு யாரோ ஒரு சோடிக்கு லைற் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு ரோஜா

ஹோல் நகரத்தின் மேற்குப் பக்கம், சேர்ச்சுக்குக் கீழே. சாமான் இறக்கும் பின்கதவால் போனேன். முன்கதவால் போயிருந்தால் வாசலில் நின்ற, பிரேதம் ஏற்றும் கறுப்புக் காரைக் கண்டிருப்பேன், இந்தக் கட்டுரையும் இருந்திராது.

மேலே பூசை நடந்துகொண்டிருந்தது. நான் கீழே ஸ்பீக்கர் வைத்து, வயர் ஒட்டி, புகை மெஷினை மேசைக்கடியில் ஒளித்து, இதய வடிவில் சிவப்பு வெளிச்சம் தரையில் விழுகிற லைற்றையும் பூட்டினேன். சோடி அதற்குள் நின்று ஆடும்போது புகை கிளம்பும். எங்கள் கலியாணங்களில் அதற்கு விசில் அடிப்பார்கள்.

பூசை முடிந்தும் ஒருவரும் கீழே வரவில்லை. வெளியே கார்கள் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. எங்கேயோ படம் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் மாப்பிள்ளை பொம்பிளையும் பனியென்றும் பாராமல் பார்க்குக்குப் போவார்கள்தானே. திரும்பி வந்தபோது எல்லாருடைய சப்பாத்திலும் பனியும் மண்ணும். எல்லாரும் கறுப்பு உடுப்பு. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தப் பாட்டைக் கேட்கிற சனம் வேறு என்ன நிறத்தில் உடுத்தும் என்று நினைத்தேன்.

முன்னால் வந்தவர் ஹலினா. சின்ன உருவம், கையில் பெரிய ஹான்ட்பாக். கலியாண நாள் கொண்டாடும் சோடிக்கு என் செலவில் ஒரு பூங்கொத்துக் கொடுப்பது என் வழக்கம். பன்னிரண்டு சிவப்பு ரோஜாவை நீட்டி, பல்லெல்லாம் காட்டி, "வாழ்த்துகள் மடம். இன்னும் ஐம்பது வருசம் ரெண்டு பேரும் ஒண்டா இருக்கோணும்," என்றேன்.

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கை?" என்று கேட்டார்.

அவர் குனிந்து பூவை எண்ணினார். உதடு அசைந்தது. "பன்னிரண்டு. உமக்கு எங்கட வழக்கம் தெரியுது. நன்றி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பெருமை. என்ன வழக்கம் என்று தெரியாத பெருமை.

பிறகு இரண்டு பேர் பெரிய படமொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்ராண்டில் வைத்தார்கள். மீசை வைத்த மனிதர், சிரிப்பே இல்லை. படத்தின் மூலையில் கறுப்பு ரிபன். ஹலினா என் பன்னிரண்டு ரோஜாவையும் அதன் அடியில் வைத்தார்.

பொத்தான்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்குக் கை அளவுக்கு மேல் சுறுசுறுப்பாகிவிடும். மேசைக்குப் பின்னால் குந்தியிருந்து வாசுகிக்குப் போன் அடித்தேன். அவளுக்கு பிரேக் நேரம்.

"இஞ்சேரும், இது செத்தவீடு."

"எது?"

"ஐம்பது வருசம். முடிஞ்சுதெண்டது மனிசன்ர கதை முடிஞ்சுது எண்டு. நான் வாழ்த்துச் சொல்லிப்போட்டன்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். இருமலா சிரிப்பா தெரியவில்லை.

"லைற்றும் போட்டாச்சோ?"

"நடுத்தரையிலை எரியுது. இதயம்."

"முதல்லை அதை நிப்பாட்டுங்கோப்பா. பிறகு குந்தியிருந்து கதையுங்கோ."

சரியான புத்தி. ரிமோட்டை எடுத்தேன், அமத்தினேன். லைற்றின் ரிமோட்டும் புகையின் ரிமோட்டும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே அளவு, ஒரே கறுப்பு. மேசைக்கடியில் மெஷின் 'புஸ்' என்றது. வெள்ளைப் புகை தரையால் தவழ்ந்து போய் மாரெக்கின் படத்தைச் சுற்றி எழும்பியது. சூப் குடித்துக்கொண்டிருந்த இரண்டு கிழவிகள் கரண்டியை வைத்துவிட்டுச் சிலுவை போட்டார்கள். பாதர் ஒருமுறை மேலே முகட்டைப் பார்த்தார். தப்பியது அலாரம் அடிக்காததால்.

உயரமான அம்மா ஒருவர் புகையை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். மாரெக்கின் தங்கை, கிறிஸ்தீனா. ஒஷாவாவில் இருந்து வந்தவர். தலையில் ரோமத் தொப்பி. படத்தில் இருந்தவரின் அதே முகம், மீசை மட்டும் இல்லை.

"இது என்ன சேர்க்கஸ்? நிப்பாட்டும் எல்லாத்தையும்."

"ஓம் மடம். சொறி மடம். நான் நன்மை எண்டு நினைச்சு..."

"பதின்மூண்டாந்தேதி செய்வம் எண்டு நான் தலையாலை அடிச்சன். பாதரும் ஓம் எண்டவர். இவ கேக்கேல்லை." அவர் திரும்பி, பின்னால் வந்து நின்ற ஹலினாவிடம் சொன்னார். போலிஷில் சொன்னார், பிறகு எனக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலும் சொன்னார்: "இதைக் கண்டால் அண்ணன் காறித் துப்புவார்."

"ஓம், துப்புவார்," என்றார் ஹலினா. "வந்து துப்பட்டும். பிடிக்காட்டி வந்து நிப்பாட்டட்டும். நான் பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

கிறிஸ்தீனாவின் முகம் கல்லாகி, பிறகு கல்லாக இருக்க முடியாமல் போனது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேசையில் போய் இருந்தார். என் விரல் இன்னும் பொத்தானில் இருந்தது. இந்த முறை சரியான ரிமோட்.

"எடும் கையை," என்றார் ஹலினா என்னிடம். "லைற் இருக்கட்டும். பாட்டைப் போடும்."

"மடம், நீங்கள் போனிலை செத்தவீடு எண்டு சொல்லியிருந்தால்..."

"அந்தச் சொல் வாயிலை வரேல்லை. அண்டைக்கு மட்டுமில்லை, இப்பவும்."

எந்தப் பாட்டு என்று கேட்டேன். மாரெக் லிஃப்ற் மெக்கானிக்காக இருந்தவராம். காலையில் சவரம் செய்யும்போது ஒரு டாங்கோவை முணுமுணுப்பாராம். என்ன பாடுகிறீர் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாராம். ஹலினா அதை எனக்கு மெல்ல முணுமுணுத்துக் காட்டினார். அது என்னிடம் இருந்தது. போகப்போகிறேன் என்று சொல்ல வருகிறவளின் பாட்டு. கிடைத்ததே என்று ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன், பிறகு அதற்கும் வெட்கப்பட்டேன்.

"எல்லாம் சரியான துக்கமாக் கிடக்கு மடம், இந்தக் காதல் பாட்டெல்லாம்," என்றேன், ஏதோ சொல்லவேண்டும் என்பதற்காக.

"சந்தோசமா இருக்கிறவன் ஏன் பாடோணும்?" என்றார்.

பாட்டுத் தொடங்கியது. அவர் நடந்து போய் அந்தச் சிவப்பு இதயத்துக்குள் நின்றார். ஆடுவார் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர் ஆடவில்லை. ஹான்ட்பாக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்சுக்கு நிற்பவர்போல, பாட்டு முடியும்வரை நின்றார். காலடியில் மிச்சப் புகை. முடிந்ததும் போய் இருந்து, ஆறிப்போன சூப்பைக் குடித்தார். அதற்குப் பிறகு நான் போட்ட பாட்டுகளை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது கிறிஸ்தீனா பக்கத்தில் வந்தார். "வாழ்த்துச் சொன்னது விசர் வேலை. ஆனால் பூவைச் சரியா எண்ணி வாங்கியிருக்கிறீர்," என்றார். அவர் விளக்கியபிறகுதான் விளங்கியது. அவர்களிடம் உயிரோடு இருப்பவர்களுக்குப் பூ ஒற்றைப்படை, இறந்தவர்களுக்கு இரட்டைப்படை. ஒரு டசின் ரோஜா செத்தவருக்குத்தான். அன்றைக்கு முழுக்க நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

கடைசிப் பிழையும் இருக்கிறது. எங்கள் செத்தவீட்டில் "போட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது, பேசாமல் வெளிக்கிட வேண்டும். எனக்கு அது பால்குடி வயதில் இருந்தே தெரியும். ஆனால் ஹோல் வாசலில் ஹலினா கைகொடுத்தபோது இருபது வருசப் பழக்கம் வாயைத் திறந்தது: "அடுத்தமுறையும் எங்களையே கூப்பிடுங்கோ மடம்."

வான் ஓட்டும்போது அந்த வசனம் பக்கத்துச் சீற்றில் ஏறி இருந்துகொண்டு என்னோடு வந்தது.

வீட்டில் வாசுகி எல்லாவற்றையும் கேட்டாள். சிரிக்க வேண்டிய இடமெல்லாம் சிரித்தாள். பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டு கேட்டாள்:

"நீங்கள் செத்தால் நான் என்ன பாட்டுப் போட?"

"தேவாரம் போடும்."

"உங்களுக்கு ஒரு தேவாரமும் முழுசாத் தெரியாது."

"நான் செத்தபிறகு எனக்கேன் தெரியோணும்?"

அவள் கறியை என் பக்கம் தள்ளினாள். "உந்த லைற்றை எப்பிடிப் போடுறதெண்டு ஒருக்காக் காட்டித் தாங்கோ," என்றாள்.

பகிடி என்று எடுத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன்.

அடுத்த முறை

ஹலினா அடுத்த வருசம் கூப்பிட்டார். அதே நாள், அதே ஹோல். இந்த முறை நான் படித்தவன். வேறு எதுவும் கேட்கமுதல், "மடம், இது நன்மையோ தீமையோ?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில் நல்ல ஃபங்ஷனா கெட்ட ஃபங்ஷனா என்று வந்தது.

அவர் யோசித்தார். "தெரியேல்லை," என்றார். "நீர் வாரும்."

போனேன். புகை மெஷினை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். ஹோலில் ஒரு மேசை, ஒரு கதிரை. கோட்டைக் கழற்றாமல் அவர் மட்டும் இருந்தார். இளைத்திருந்தார்.

"மற்ற ஆக்கள் மடம்?"

"ஆரையும் கூப்பிடேல்லை. கிறிஸ்தீனா ரோட்டு வழுக்குதெண்டு வரேல்லை."

இம்முறை பதினொரு ரோஜா கொண்டுபோயிருந்தேன், உயிரோடு இருப்பவருக்கு. அவர் எண்ணினார். மேசையில் வைத்தார்.

லைற்றைப் போட்டேன். வெறுந்தரையில் சிவப்பு இதயம் விழுந்தது. பாட்டைப் போட்டேன். இத்தனை பெரிய ஹோலில் ஆளில்லாமல் பாட்டுப் போட்டால் அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து உங்களையே கேட்கும். அவர் எழும்பவில்லை. பாட்டுப் பாதி போயிருக்கும்.

"நிப்பாட்டும்."

"பாட்டையோ லைற்றையோ மடம்?"

"ரெண்டையும்."

நிப்பாட்டினேன். சுவர்ப்பக்கம் ஹீற்றரின் சத்தம் மட்டும்.

"மாரெக் சொன்னது சரி," என்றார். "இது விசர்ப் பண்டிகை. சண்டை பிடிக்க ஆளில்லாட்டி இதிலை என்ன கிடக்கு?"

பிறகு எழும்பி, பூங்கொத்தில் இருந்து ஒரு ரோஜாவை உருவி என்னிடம் நீட்டினார். "இதை உம்மட மனிசிக்குக் குடும். மிச்சம் பத்தும் அவருக்கு."

இந்த முறை வாசலில் நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் வெளிக்கிட்டேன். அவர் மூன்றாம் முறை கூப்பிடவில்லை. நானும் போன் எடுத்துக் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயம், அவ்வளவுதான்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல இருப்பது இதுதான். புக்கிங் எடுக்கும்போது நன்மையோ தீமையோ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும், கேளுங்கள். தெரியவில்லை என்று பதில் வந்தாலும் போங்கள். ஒரே மாதிரி ரிமோட் இரண்டு இருந்தால் ஒன்றில் சிவப்பு ரேப் ஒட்டுங்கள்.

அன்று நான் வீட்டுக்குப் போனபோது வாசுகி வேலையால் வந்து வின்ரர் கோட்டோடு சோபாவில் இருந்தாள். பூவைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் பார்த்தாள்.

"ஒண்டே ஒண்டோ?"

"ஒற்றையாத்தான் குடுக்கோணும். ரெண்டு தந்தால் நீர் செத்துப்போனீர் எண்டு அர்த்தம்."

"ஆர் சொன்னது?"

திரும்பி வானுக்குப் போய் லைற்றை எடுத்துக்கொண்டு வந்தேன். சுவரில் சொருகி, ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன். ரேப் ஒட்டிய ரிமோட்.

"இதுதான் போடுற பொத்தான்," என்றேன்.

அவள் அமத்தினாள். காப்பெற் விரித்த தரையில், கழற்றிப் போட்ட அவளுடைய சப்பாத்துகளின் மேல், இதயம் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"நிப்பாட்டுறது?" என்று கேட்டாள்.

"அதே பொத்தான்தான்."